உப்புக் காற்று இருக்கிறது, பட்டறை எங்கே?

காரைக்கால் கடற்கரையோரம் குடியிருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், படகு மோட்டார், ரேடியோவுக்குள் இருக்கும் செப்புக் கம்பி எதையும் உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. புதிதாக வாங்கிய பூட்டுகூட ஒரு மழைக்காலம் போனதும் சாவிக்குத் திறக்க மறுக்கிறது.

ஊர் ஜனங்களுக்கு இது தீராத தொல்லை. ஆனால் ராணுவத்துக்குக் கருவி செய்பவர்களுக்கு இதே காற்று ஒரு பெரிய பரீட்சை!

கடற்படைக்கோ, கடலோரக் காவல் படைக்கோ ஒரு கருவியை விற்க வேண்டுமானால், அது நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. சூட்டில் வைப்பார்கள், குளிரில் வைப்பார்கள். உலுக்குவார்கள், உயரத்திலிருந்து கீழே போடுவார்கள். மழைபோல் தண்ணீரைக் கொட்டுவார்கள். உப்புக் கரைசலைப் பனிபோல் அதன்மீது தூவி ஒரு பெட்டிக்குள் அடைத்து வைப்பார்கள். இத்தனைக்கும் பிறகு அது வேலை செய்ய வேண்டும். மின்சார, எலெக்ட்ரானிக் கருவிகளுக்கு இதற்கென்றே நம் ராணுவத்தில் ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. ஜே.எஸ்.எஸ். 55555 என்பது அதன் பெயர்.

இப்படிச் சோதிக்கும் கூடங்கள் சென்னை, பெங்களூர், ஐதராபாத் போன்ற பெரிய நகரங்களில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. கடல் காற்றே வீசாத ஊரில் உப்புத் தண்ணீரைக் கரைத்துத் தூவிச் சோதனை நடக்கிறது. உப்புக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த வாலிபன், தன் கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகவேண்டியிருக்கிறது!

ராணுவத்துக்கு வேண்டிய புதுக் கருவிகளைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள், ஆளுக்கு ஒரு பட்டறை வைக்க முடியாது. எல்லாரும் பங்கிட்டு உபயோகிக்க ஒரு பொதுப் பட்டறை வேண்டும். அது காரைக்காலில் அமைய வேண்டும்.

மூன்றாவது மாதிரியில் முடிகிற கதை

காரைக்காலில் படித்த ஒரு இன்ஜினீயர் வாலிபரை எடுத்துக்கொள்ளலாம். கடலில் படகு கவிழ்ந்து தத்தளிப்பவர்களைத் தேடிப் போய், மிதவையைப் போட்டுவிட்டுத் திரும்பும் ட்ரோன் ஒன்றைச் செய்யவேண்டும் என்பது அவர் ஆசை. ட்ரோன் என்றால் ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானம்.

காகிதத்தில் படம் போட்டாகிவிட்டது. கம்ப்யூட்டரில் பறக்கவிட்டும் பார்த்தாகிவிட்டது. இனி, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும். அதற்குத்தான் மாதிரி என்று பெயர்.

உடல் பாகத்தை ஓர் ஊரில் அச்சிட்டு வாங்குகிறார். மின்சுற்றுப் பலகையை வேறோர் ஊரிலிருந்து தபாலில் தருவிக்கிறார். பூட்டிப் பறக்கவிட்டால் மோட்டாரின் அதிர்ச்சியில் ஒரு கம்பி விட்டுப்போகிறது. அந்த அதிர்ச்சி எவ்வளவு என்று அளப்பதற்கு அதிர்வு மேடை வேண்டும். அதற்கு மூன்றாவது ஊர். ரேடியோ அலை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க நான்காவது ஊர்.

முதல் மாதிரி யாருக்கும் சரியாக வருவதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்கத்தான் மாதிரியே செய்கிறார்கள். ஆறாவது மாதிரியில் வெற்றி கிடைக்கக்கூடும். ஆனால் வாலிபரின் பணம் மூன்றாவது மாதிரியிலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்குள் வீட்டில் உத்தியோகம் எங்கே என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அவரும் பெங்களூருக்கு டிக்கெட் வாங்கிவிடுகிறார்.

அறிவு குறைந்ததால் அந்தக் கருவி பிறக்காமல் போகவில்லை. ஓர் அதிர்வு மேடையும், ஓர் உப்புப் பனிப் பெட்டியும், பக்கத்தில் நின்று யோசனை சொல்ல ஓர் அனுபவசாலியும் எட்டுகிற தூரத்தில் இல்லாததால் பிறக்காமல் போய்விட்டது.

ஆவடிக் காலமும் இந்தக் காலமும்

ஒரு காலத்தில் ராணுவத் தளவாடம் என்றால் சர்க்காரின் பெரிய தொழிற்சாலை என்று அர்த்தம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் ஏற்பட்டது. பிரிட்டிஷ் வடிவமைப்பைக் கொண்டு அங்கே கட்டிய முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் வெளியே வந்தது. டாங்கியைச் செய்யப் பெரிய தொழிற்சாலைதான் வேண்டும். அதில் சந்தேகமில்லை.

ஆனால் இன்றைய போர்க்களத்தில் டாங்கியின் தலைக்குமேல் சின்ன ட்ரோன் பறக்கிறது. உக்ரைன் யுத்தத்தில் உலகமே அதைப் பார்த்தது. ட்ரோன், அதைக் கண்டுபிடிக்கும் கருவி, அதன் ரேடியோவைக் குழப்பும் கருவி, கடலுக்கடியில் ஊர்ந்து பார்க்கும் யந்திரம் ஆகியவற்றை நாலைந்து பேர் கொண்ட ஒரு குழுவே வடிவமைக்க முடிகிறது.

மத்திய சர்க்காரும் இதை உணராமல் இல்லை. 2018 ஏப்ரலில், மாமல்லபுரத்தை அடுத்த திருவிடந்தையில் நடந்த தளவாடக் கண்காட்சியின்போது ஐடெக்ஸ் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. முப்படைகளும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும். சிறு கம்பெனிகள் போட்டியிட்டு ஜெயித்தால், மாதிரி செய்ய 1.5 கோடி ரூபாய் வரை உதவி கிடைக்கும். ஜெயித்தவர் தம் பங்குக்கும் பணம் போட வேண்டும்.

2019 ஜனவரி 20-ல் தமிழ்நாட்டுக்கான ராணுவத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள் அதில் இடம் பெற்றன.

பரிசோதனைக் கூடங்களுக்காக 2020 மே மாதம் 400 கோடி ரூபாயில் தனித் திட்டம் ஒன்று வந்தது. கூடம் அமைக்கும் செலவில் 75 சதவீதம் வரை மத்திய சர்க்கார் தரும். மீதியைத் தொழில் துறையினரும் மாநில சர்க்காரும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அதன்கீழ் ஆளில்லா விமானம், மின்னணுப் போர்க் கருவி, ஒளியியல் கருவி ஆகிய மூன்றுக்கும் தமிழ்நாட்டில் கூடங்கள் அமைக்க 2024 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மூன்றும் சென்னை வட்டாரத்துக்கு!

எல்லைக் கோட்டின் விளையாட்டு

காரைக்காலின் பெயர் அந்த ஐந்து ஊர்ப் பட்டியலில் ஏன் இல்லை? காரணம் வரைபடத்தில் இருக்கிறது. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆனால் ஊர் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன இந்த மண், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல் நிறைவேறியது. பிரெஞ்சுக்காரர் போய்விட்டாலும் அவர்கள் விட்டுச் சென்ற எல்லைக் கோடு போகவில்லை.

வழித்தடம் தமிழ்நாட்டுத் திட்டம். காரைக்கால் புதுச்சேரியின் பொறுப்பு. புதுச்சேரி நகரமோ 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஊர்களில் பக்கத்தில் இருப்பது திருச்சி. அதுவும் சுமார் 150 கிலோமீட்டர். கோவைக்குப் போவதென்றால் 350 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் இருக்கும் டெல்டாக் கடற்கரை முழுவதும் யார் கணக்கிலும் சேரவில்லை.

2020-ம் ஆண்டுப் பரிசோதனைக் கூடத் திட்டத்தின் விதியில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. பெரும்பாலான கூடங்கள் வழித்தட ஊர்களில் வரும் என்று எதிர்பார்த்தாலும், அந்த ஊர்களுக்கு மட்டுமே என்று திட்டம் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே, காரைக்கால் கேட்பது சலுகை அல்ல. சர்க்கார் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நியாயத்தைத்தான் கேட்கிறது.

இருப்பது என்ன?

வெறும் மணல் மேட்டில் பட்டறை கேட்கவில்லை. தேசிய தொழில்நுட்பக் கழகம் 2010-ல் ஏற்பட்டு, இப்போது திருவேட்டக்குடியில் நடக்கிறது. காமராஜர் பெயரில் ஓர் இன்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. பாலிடெக்னிக் இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. வானிலை இலாகாவின் ராடார் இங்கிருந்துதான் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடலோரக் காவல் படை இருக்கிறது. 2009 முதல் துறைமுகம் நடக்கிறது. எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி. நிறுவனமும் இருக்கிறது.

பட்டம் இல்லாத கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று கடலோரக் கிராமங்களில் ஃபைபர் படகுகள் ஓடுகின்றன. பாறையில் மோதி உடைந்த படகுக்குக் கண்ணாடி இழைத் துணியை வைத்து, பிசினைப் பூசி, ஒட்டுப் போடும் கைகள் அங்கே உண்டு. ட்ரோனின் உடலையும் பெரும்பாலும் இதே வித்தையில்தான் வார்க்கிறார்கள். இழையின் பெயர் மாறலாம். கை வேலை ஒன்றுதான். அந்தக் கைகளும் கல்லூரி மூளையும் சந்திக்க இன்று ஓர் இடம் இல்லை.

பிறர் செய்து காட்டியது

இப்படிப்பட்ட காரியம் சின்ன ஊரில் நடக்குமா என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம் 1953-ல் திறக்கப்பட்டது. அது டில்லியில் தானாக முளைத்து வந்த யோசனை அல்ல. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதனால் கழகம் காரைக்குடிக்கு வந்தது. உலோகம் ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அந்தக் கழகத்தின் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று. மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைக் காற்றில் வைத்து அவர்கள் சோதித்திருக்கிறார்கள். காரைக்கால் பட்டறைக்கு இதைவிட நல்ல குரு கிடைப்பாரா?

கோவையில் பம்பு, மோட்டார் செய்யும் சிறு முதலாளிகள் 1980-களில் ஒன்று சேர்ந்து சிடார்க் என்ற பொதுப் பரிசோதனை மையத்தை உண்டாக்கினார்கள். ஒருவரோடு ஒருவர் சந்தையில் போட்டி போட்டவர்கள், சோதனைக் கூடத்தில் கூட்டாளிகளாக இருந்தார்கள். அதே ஊரில் கொடிசியா சங்கம் இப்போது ராணுவப் புதுமை மையம் ஒன்றையும் நடத்துகிறது.

புனேக்கு அருகே பாபல் என்ற கிராமம். அங்கே விஞ்ஞான் ஆசிரமம் என்ற கிராமப் பள்ளிக்கூடத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2002-ல் ஒரு திறந்த பட்டறையை ஏற்படுத்தியது. அமெரிக்காவுக்கு வெளியே அப்படி அமைந்த முதல் பட்டறைகளில் அதுவும் ஒன்று. கிராமத்துப் பிள்ளைகள் அங்கே கருவிகள் செய்து பழகினார்கள். பெரிய நகரம் இல்லாமலே அது நடந்தது.

ஆட்சேபணைகள்

இதற்கு ஆட்சேபணைகளும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட முடியாது.

முதலாவது, வெள்ளை யானை என்ற பயம். நியாயமான பயம்தான். மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவார். விலை உயர்ந்த யந்திரங்கள் வரும். ஓட்டத் தெரிந்த ஆள் மாற்றலாகிப் போவார். யந்திரத்துக்குத் துணி போர்த்தி, கதவைப் பூட்டிவிடுவார்கள். நாட்டில் எத்தனையோ கூடங்களுக்கு இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. காரைக்காலில் இன்னும் ஒரு சங்கடம் உண்டு. பூட்டிவைத்த யந்திரத்தை உப்புக் காற்றே தின்றுவிடும்!

இரண்டாவது, மீனவர்களின் கவலை. ராணுவம் என்ற சொல்லைக் கேட்டதும் கடற்கரையில் கம்பி வேலி போட்டுவிடுவார்களோ என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை.

மூன்றாவது, ஆயுதம் எதற்கு என்று கேட்கும் நல்ல உள்ளங்கள். அவர்களுக்குப் பதில் இதுதான். இந்தப் பட்டறையில் வெடிமருந்து இருக்கக்கூடாது. துப்பாக்கிச் சோதனை நடக்கக்கூடாது. அவற்றுக்கு வேறு இடங்கள் உண்டு. இங்கே தேவைப்படுவது கண்ணும் காதும்: பார்க்கும் கருவி, கேட்கும் கருவி, செய்தி அனுப்பும் கருவி. கடலோரக் காவலுக்கு உதவும் அதே கருவி மீனவன் உயிரையும் காப்பாற்றும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் போயிற்று. பல குடும்பங்கள் ஆண்மக்களை இழந்தன. அதன் பிறகு, செயற்கைக்கோள் மூலம் புயல் எச்சரிக்கையைப் படகுக்குச் சொல்லும் ஜெமினி என்ற கருவி 2019-ல் வந்தது. ஆபத்துச் செய்தி அனுப்பினால், கிடைத்தது என்று பதிலும் சொல்லும் கருவியை இஸ்ரோ 2024-ல் கொண்டுவந்தது. இவை போன்ற கருவிகளைப் படகில் போகிறவர் கையில் கொடுத்து, ஈரக் கையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா, அலையில் பெட்டி நிற்கிறதா என்று பார்த்துத் திருத்துவதற்குக் காரைக்காலைவிட ஏற்ற இடம் எது?

கட்டடத்துக்கு முன் நிபந்தனைகள்

எனவே, பட்டறை வேண்டும் என்று கேட்பதோடு நின்றால் போதாது. எப்படிப்பட்ட பட்டறை என்றும் சொல்லியாக வேண்டும்.

முதலில், சாவி யாரிடம் என்பது. கல்லூரி அடையாளச் சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றால், படகு மெக்கானிக்கும் ஐ.டி.ஐ. பையனும் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பாதுகாப்பு விசாரணை முடித்துப் பெயர் பதிந்துகொண்ட எவரும் வர வழி வேண்டும். அதே சமயம், ஒருவர் யோசனையை இன்னொருவர் திருடக்கூடாது. யந்திரம் பொது, அலமாரி தனி, கண்டுபிடிப்பின் உரிமை கண்டுபிடித்தவருக்கே என்று எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, யந்திரத்துக்கு முன் ஆள். நல்ல கடைசல்காரர் ஒருவர், மின்சுற்று தெரிந்தவர் ஒருவர், அளவைக் கருவிகள் தெரிந்தவர் ஒருவர் - இந்த மூவரின் சம்பளத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஏற்பாடு செய்த பிறகே யந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கட்டணம். சோதனைக் கூடங்கள் வசூலிக்கும் கட்டணத்திலேயே காலம் தள்ள வேண்டும் என்பது சர்க்காரின் விதி. பெரிய கம்பெனிகளுக்கு அது சரி. முதல் மாதிரியோடு வரும் வாலிபருக்கும் அதே கட்டணம் என்றால் அவர் வரவே மாட்டார். மணிக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதுங்கள். மாணவருக்கும் புதியவருக்கும் முதல் சில மணி நேரத்தை இலவசமாக்குங்கள். துறைமுகமும் எண்ணெய்க் கம்பெனியும் தங்கள் சோதனை வேலைகளை இங்கே கொடுத்தால் அந்தச் செலவை ஈடு கட்டலாம்.

நான்காவது, மீனவருக்கு நிர்வாகத்தில் இடம். கடலில் எந்த நாள் சோதனை, எந்த இடத்தில் என்பதை மீனவப் பஞ்சாயத்தார்களைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். இதில் இரு தரப்புக்கும் லாபம் தரும் வழி ஒன்று இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப் படகுகள் கரையில் சும்மா நிற்கின்றன. படகுத் தொழிலாளிக்கு வருமானமில்லை. தடை மீன் பிடிப்பதற்குத்தான். மீன் துறையின் அனுமதியோடு, அந்தப் படகுகளை வாடகைக்கு எடுத்துக் கடல் சோதனைகளை அந்த நாட்களில் நடத்தலாம் அல்லவா?

ஐந்தாவது, கணக்கு. இந்த வருஷம் எத்தனை மாதிரிகள் வந்தன, எத்தனை உடைந்தன, எத்தனை திருத்தப்பட்டுத் தேறின, எத்தனையைப் படைகள் வாங்கின என்று வருஷா வருஷம் ஊருக்குச் சொல்ல வேண்டும். உடைந்த கணக்கு பூஜ்யம் என்று வந்தால் சந்தேகப்பட வேண்டும். அங்கே யாரும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்!

யார் தொடங்குவது?

காரைக்கால் சிறிய ஊர். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் ஜனத்தொகை சுமார் 2 லட்சம். இவ்வளவு சிறிய இடத்துக்கென்று தனிக் கூடமா என்று டில்லியில் யாராவது கேட்டால், பதில் எளிது. இது காரைக்காலுக்கு மட்டும் அல்ல. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று சுற்றியுள்ள டெல்டா மாவட்டங்கள் அனைத்துக்கும் பொது. புதுச்சேரி சர்க்கார் நிலம் கொடுக்கட்டும். தமிழ்நாடு சர்க்கார் தன் வழித்தடத்தின் அனுபவத்தைக் கொடுக்கட்டும். மத்திய சர்க்கார் பணம் கொடுக்கட்டும். தேசிய தொழில்நுட்பக் கழகம் ஆசிரியர்களைக் கொடுக்கட்டும்.

யார் முந்துவது என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், எல்லைக் கோடுதான் ஜெயிக்கும். முதல் அடியைப் புதுச்சேரிதான் எடுத்து வைக்க வேண்டும். ஊர் அதனுடையது. காரைக்காலைத் தூரத்தில் வைத்துவிட்டார்கள் என்று ஊர் ஜனங்கள் வெகு நாளாகச் சொல்லிவரும் குறைக்கும் இது ஒரு பதிலாக இருக்கும்.

ஒரு பெரிய கட்டடம்கூட உடனே வேண்டாம். ஒரு கொட்டகை, நாலு யந்திரம், மூன்று ஆட்கள், ஓர் உப்புப் பனிப் பெட்டி - இவை போதும் தொடங்குவதற்கு. பெங்களூருக்கு டிக்கெட் வாங்கப் போகிற அந்த வாலிபருக்குத் தன் நாலாவது மாதிரியைச் செய்து பார்க்க ஓர் இடம் கிடைக்கும். ஐந்தாவதையும் ஆறாவதையும் அவர் பார்த்துக்கொள்வார்.